கிராபீனில் மாசூட்டலும் வெப்பக் கடத்தலும்

ஒரு பொருளின் மின்பண்புகளை மாற்றுவதற்காக அதில் வேற்று அணுக்களையோ மூலக்கூறுகளையோ சிறிதளவு சேர்ப்பது வேதி மாசூட்டல் எனப்படும். சிலிக்கனில் பாஸ்பரஸ், போரான் ஆகியவற்றைச் சேர்த்துக் குறைக்கடத்திகளை உருவாக்குவது இதற்கு நன்கறிந்த எடுத்துக்காட்டாகும். கார்பன் அணுக்கள் தேன்கூட்டு வடிவில் ஒரே அணுவின் தடிமனில் பரந்திருக்கும் கிராபீனிலும் இதே நோக்கத்துடன் நைட்ரஜன், போரான் முதலியவை சேர்க்கப்படுகின்றன. இதனால் கிராபீனில் உள்ள மின்னூட்ட ஊர்திகளின் எண்ணிக்கை கூடுகிறது. ஆனால் அதன் வெப்பக் கடத்துதிறன் பெரும்பாலும் குறைகிறது. உலோகங்களில் மின்சாரத்தையும் வெப்பத்தையும் எலக்ட்ரான்களே சுமப்பதால் ஒன்று கூடினால் மற்றதும் கூடும். கிராபீனில் இவ்விரண்டையும் வெவ்வேறு ஊர்திகள் சுமக்கின்றன. எனவே ஒன்றைப் பெருக்கச் செய்யும் மாற்றம் மற்றதற்குத் தடையாகிவிடுகிறது. இத்தடை எவ்வளவு பெரியது என்பது சேர்க்கப்படும் அணுவின் எடையை விட, அது அணிக்கோவையில் எவ்வாறு அமர்கிறது என்பதையே பொறுத்தது.

மாசற்ற கிராபீனில் வெப்பம் செல்லும் வழி

கிராபீனை 2004ஆம் ஆண்டு மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆந்திரே கெய்ம், கான்ஸ்டன்டின் நோவோசெலோவ் ஆகியோர் கிராஃபைட்டிலிருந்து பிரித்தெடுத்தனர். இதற்காக 2010ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு இருவருக்கும் வழங்கப்பட்டது. 2008இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தில் அலெக்சாண்டர் பலாந்தினின் குழு, பள்ளத்தின் மேல் தொங்கவிடப்பட்ட கிராபீனின் வெப்பக் கடத்துதிறனை அளந்தது. அறை வெப்பநிலையில் அது ஒரு மீட்டர்-கெல்வினுக்கு ஏறத்தாழ 4840 முதல் 5300 வாட் வரை இருந்தது. (இக்கட்டுரையில் இனி வெப்பக் கடத்துதிறன் எண்கள் யாவும் இதே அலகில் தரப்படுகின்றன.) பின்னர் வந்த அளவீடுகள் பலவும் 2000க்கும் 4000க்கும் இடையில் அமைந்தன. செம்பின் மதிப்பு சுமார் 400, வைரத்தின் மதிப்பு சுமார் 2000 என்பதோடு இவற்றை ஒப்பிடலாம். ஓர் அணுத் தாளுக்குத் தடிமன் என்று எதைக் கொள்வது என்ற கேள்வி இங்கே எழும். கிராஃபைட்டில் அடுத்தடுத்த இரு தாள்களுக்கு இடையே உள்ள தொலைவான 0.335 நானோமீட்டரையே ஆய்வாளர்கள் வழக்கமாக எடுத்துக்கொள்கின்றனர். வேறு தடிமனைக் கொண்டால் எல்லா எண்களும் மாறிவிடும்.

இவ்வளவு வெப்பத்தையும் பெரும்பாலும் சுமப்பவை அணிக்கோவையின் அதிர்வுகளாகும். ஓர் அணு அதிர்ந்தால் அதனுடன் பிணைந்த அண்டை அணுவும் அதிரும். அதிர்வு அலையாகப் பரவும். இந்த அலைகளின் ஆற்றல் பொட்டலங்களுக்கு ஃபோனான்கள் என்று பெயர். கார்பன் இலேசான அணு. கிராபீனில் கார்பன்களுக்கிடையேயான சகப்பிணைப்பு மிகவும் வலியது. இலேசான குண்டுகளை விறைப்பான சுருள்வில்லால் இணைத்தால் அதிர்வு விரைந்து செல்வது போலக் கிராபீனில் தளத்திற்குள் பரவும் நெட்டலை நொடிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. ஒரு ஃபோனான் வேறொன்றோடு மோதும் முன் கடக்கும் சராசரி மோதலிடைத் தூரம், அறை வெப்பநிலையில் முக்கால் மைக்ரோமீட்டர் அளவில் மதிப்பிடப்பட்டது. இரு கார்பன் அணுக்களுக்கு இடையே உள்ள 0.142 நானோமீட்டர் இடைவெளியைப் போல இது ஐயாயிரம் மடங்குக்கும் மேல். இத்தனை நீண்ட தடையற்ற பயணமே கிராபீனின் பலம். ஊடே ஒரு தவறான அணு நின்றாலும் பயணம் தடைப்படும் என்பதால் அதுவே அதன் பலவீனமும் ஆகும்.

கிராபீனின் ஃபோனான்களில் ஒரு வகை தனிக் கவனத்திற்குரியது. தாளின் தளத்திற்குச் செங்குத்தாக, விரித்த துணி மேலும் கீழும் அசைவது போல நிகழும் வளைவு அதிர்வுகள் அவை. வேகம் குறைந்தவை என்பதால் இவற்றின் பங்கு சிறிதாகவே இருக்கும் என்று முதலில் கருதப்பட்டது. லூகாஸ் லின்ட்சே, டேவிட் பிராய்டோ, நடாலியோ மிங்கோ ஆகியோர் 2010இல் வெளியிட்ட கணிப்பு இக்கருத்தைப் புரட்டிப் போட்டது. தொங்கவிடப்பட்ட மாசற்ற கிராபீனில் வெப்பத்தின் பெரும்பங்கை வளைவு அதிர்வுகளே சுமக்கின்றன என்பது அவர்களின் முடிவு. கிராபீன் தன் தளத்தைப் பொறுத்து ஆடிச் சமச்சீர் கொண்டது. அச்சமச்சீரின் காரணமாக, வளைவு ஃபோனான்கள் ஒற்றைப்படை எண்ணிக்கையில் பங்கேற்கும் மூன்று-ஃபோனான் மோதல்கள் நிகழ முடியாது. மோதல்கள் குறைவதால் அவை நெடுந்தொலைவு செல்கின்றன. இதே கிராபீனைச் சிலிக்கன் டை ஆக்சைடின் மேல் படியவைத்தால் சமச்சீர் குலைகிறது, அதிர்வும் அடித்தளத்தில் கசிகிறது. 2010இல் அவ்வாறு அளந்தபோது வெப்பக் கடத்துதிறன் சுமார் 600ஆக இருந்தது. ஓர் அணுவைக்கூட மாற்றாமல், மேசை மேல் வைப்பது போல வைத்ததற்கே இந்த வீழ்ச்சி.

எலக்ட்ரான்களின் பங்கு எவ்வளவு?

மாசூட்டல் எலக்ட்ரான்களையோ துளைகளையோ கூட்டுகிறது. அவையும் வெப்பத்தைச் சுமக்கக்கூடியவை. அப்படியானால் வெப்பக் கடத்துதிறன் ஏன் கூடுவதில்லை என்ற கேள்வி இயல்பாக எழும். உலோகங்களுக்கான வீட்மன்-ஃபிரான்ஸ் விதியைக் கொண்டு இதை மதிப்பிடலாம். மின்கடத்துதிறனை வெப்பநிலையாலும், ஏறத்தாழ 2.44×10⁻⁸ என்ற லாரன்ஸ் எண்ணாலும் பெருக்கினால் எலக்ட்ரான்கள் சுமக்கும் வெப்பக் கடத்துதிறன் கிடைக்கும். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 10¹² ஊர்திகளும், வோல்ட்-நொடிக்கு 10,000 சதுர சென்டிமீட்டர் என்ற நல்ல இயக்க எண்ணும் உள்ள கிராபீனுக்கு, 300 கெல்வினில் இது சுமார் 35 என்று வருகிறது. ஊர்திகளை 10¹³ ஆக உயர்த்தியும் இயக்க எண் குறையாமல் இருந்தால் 350 ஆகும். மொத்த மதிப்பு இரண்டாயிரத்திற்கும் மேல் இருக்கும் இடத்தில் இது சிறு பங்குதான். நடைமுறையில் இந்த 350ஐயும் முழுதாக எதிர்பார்க்க இயலாது. மாசணுக்கள் எலக்ட்ரான்களையும் சிதறடிப்பதால், ஊர்திகள் கூடும்போதே அவற்றின் இயக்க எண் சரிகிறது. வரவு சில நூறு, செலவோ சில ஆயிரம் என்பதால் கணக்கு நட்டத்தில்தான் முடிகிறது.

மாசூட்டும் வழிகள்

மூன்று வழிகள் பரவலாகக் கையாளப்படுகின்றன. கார்பன் அணுவை எடுத்துவிட்டு அதன் இடத்தில் வேற்றணுவை வைப்பது பதிலீட்டு மாசூட்டலாகும். கிராபீனின் மேற்பரப்பில் மூலக்கூறுகளை ஒட்டவைத்து எலக்ட்ரானைக் கொடுக்கவோ வாங்கவோ செய்வது இரண்டாம் வழி. பொட்டாசியம் எலக்ட்ரானைக் கொடுக்கும். நைட்ரஜன் டை ஆக்சைடு வாங்கிக்கொள்ளும். பல தாள்கள் கொண்ட கிராபீனில், தாள்களுக்கு இடையே பெர்ரிக் குளோரைடு போன்ற சேர்மத்தைப் புகுத்துவது மூன்றாம் வழி. இவை தவிர, வாயில் மின்முனையில் மின்னழுத்தம் கொடுத்து எந்த வேதிப்பொருளும் சேர்க்காமலே ஊர்திகளைக் கூட்டவும் முடியும். வேதி மாசூட்டலின் விளைவில் எது எலக்ட்ரானால் வந்தது, எது அணுவால் வந்தது என்று பிரித்தறிய இந்த வழி உதவுகிறது.

வெப்பக் கடத்தலை அதிகம் பாதிப்பது பதிலீட்டு மாசூட்டலே.

நிறை வேறுபாடு மட்டும் காரணமா?

வேற்றணு ஒன்று ஃபோனானைச் சிதறடிப்பதற்குப் பாடநூல்கள் முதலில் சொல்லும் காரணம் நிறை வேறுபாடு. ஒரே எடையுள்ள மணிகளைக் கோத்த சரத்தில் கனமான மணி ஒன்று இருந்தால், சரத்தில் செல்லும் அலையின் ஒரு பகுதி அங்கே திரும்பும். இவ்வகைச் சிதறலின் வலிமை, வேற்றணுக்களின் விகிதத்தையும், நிறை வேறுபாட்டுப் பின்னத்தின் இருமடியையும் பெருக்கி வரும் எண்ணால் அளக்கப்படுகிறது.

இதை நேரடியாகச் சோதிக்கக் கார்பனின் ஐசோடோப்புகள் சிறந்த வாய்ப்பைத் தருகின்றன. கார்பன்-12, கார்பன்-13 ஆகிய இரண்டும் ஒரே வகையில் பிணைப்பை உண்டாக்குபவை. வேறுபாடு நிறையில் மட்டுமே. இயற்கைக் கார்பனில் 1.1 விழுக்காடு கார்பன்-13 உள்ளது. 2012இல் வெளியான ஓர் ஆய்வில், கார்பன்-13இன் அளவு 0.01 விழுக்காடாகக் குறைக்கப்பட்ட கிராபீன், 320 கெல்வினில் 4000க்கும் மேற்பட்ட வெப்பக் கடத்துதிறனைக் காட்டியது. இரு ஐசோடோப்புகளும் பாதிக்குப் பாதி கலந்த கிராபீனின் மதிப்பை விட இது இரு மடங்குக்கும் அதிகம். மின்பண்பை மாற்றாமல் நிறையை மட்டும் மாற்றினாலே வெப்பக் கடத்தல் பாதியாகலாம் என்பது இதனால் உறுதியானது.

இப்போது அதே கணக்கை நைட்ரஜனுக்கும் போரானுக்கும் போட்டுப் பார்க்கலாம். நைட்ரஜனின் நிறை 14. கார்பனிலிருந்து ஆறில் ஒரு பங்கு வேறுபாடு. 1 விழுக்காடு நைட்ரஜன் சேர்த்தால் நிறைச் சிதறல் எண் 2.8×10⁻⁴ ஆகிறது. போரானின் நிறை 10.8, அதே 1 விழுக்காட்டுக்கு எண் 1.0×10⁻⁴ மட்டுமே. இயற்கைக் கார்பனில் ஏற்கெனவே உள்ள கார்பன்-13 தரும் எண் 0.76×10⁻⁴. ஐசோடோப்புகளைச் சரிபாதி கலந்த கிராபீனுக்கு அது 16×10⁻⁴. அதாவது 1 விழுக்காடு நைட்ரஜன், சரிபாதிக் கலவையின் ஆறில் ஒரு பங்கு சிதறலைத்தான் தர வேண்டும். போரானின் விளைவோ இயற்கைக் கார்பனில் எப்போதும் இருக்கும் ஐசோடோப்புச் சிதறலை விடச் சற்றே கூடுதலாக இருந்தால் போதும்.

ஆனால் மூலக்கூறு இயக்கவியல் முறையில் செய்யப்பட்ட கணினிக் கணிப்புகள், 1 விழுக்காட்டு அளவில் நைட்ரஜனோ போரானோ சேர்ந்தாலே வெப்பக் கடத்துதிறன் பாதியளவுக்கும் அதற்கு மேலும் குறைவதாகக் காட்டின. நிறை வேறுபாட்டால் மட்டும் இவ்வளவு பெரிய வீழ்ச்சியை விளக்க முடியாது. எஞ்சியிருப்பது பிணைப்பு. வேற்றணு தன்னோடு வேறு நிறையை மட்டும் கொண்டுவருவதில்லை. அண்டைக் கார்பன்களோடு வேறு நீளமும் வேறு விறைப்பும் உள்ள பிணைப்புகளை உண்டாக்கிச் சுற்றியுள்ள அணுக்களையும் இடம் நகர்த்துகிறது. சரத்தில் மணி மட்டுமல்ல, மணியைக் கோத்திருக்கும் நூலும் மாறிவிடுகிறது.

போரானும் நைட்ரஜனும் வேறுபடும் இடம் இதுவே. கார்பன்-நைட்ரஜன் பிணைப்பின் நீளம் கார்பன்-கார்பன் பிணைப்பின் 0.142 நானோமீட்டரை ஏறத்தாழ ஒத்திருக்கிறது. போரான் பெரிய அணு. அதன் பிணைப்பு சுமார் 0.15 நானோமீட்டர் வரை நீள்வதால் அண்டை அணுக்கள் வெளியே தள்ளப்படுகின்றன. 2018இல் அடிப்படைக் குவாண்டம் கோட்பாட்டிலிருந்து, சோதனையிலிருந்து எந்த எண்ணையும் கடன் வாங்காமல் செய்யப்பட்ட ஒரு கணிப்பு இதன் விளைவை எடுத்துக்காட்டியது. வளைவு ஃபோனான்களை நைட்ரஜன் சிதறடிக்கும் வீதம், போரான் சிதறடிக்கும் வீதத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு மட்டுமே. நிறையை மட்டும் வைத்துப் பார்த்திருந்தால் நைட்ரஜனே கூடுதலாகச் சிதறடிக்க வேண்டும். கணிப்பு நேர்மாறாகச் சொல்கிறது. அத்துடன், அதிர்வெண் கூடக்கூடச் சிதறலும் கூடும் என்ற எளிய மாதிரிகளின் எதிர்பார்ப்புக்கு மாறாக, குறைந்த அதிர்வெண்களில் நைட்ரஜனின் சிதறல் அதிர்வெண் கூடும்போது குறைந்தது.

மூலக்கூறு இயக்கவியல் கணிப்புகள் இரு அணுக்களுக்கும் ஏறத்தாழ ஒரே அளவு வீழ்ச்சியைக் காட்ட, குவாண்டம் கணிப்பு பெரும் வேறுபாட்டைக் காட்டுவது ஏன்? முந்தையவை அணுக்களுக்கிடையேயான விசையைத் தோராயமான சூத்திரங்களால் குறிக்கின்றன. அச்சூத்திரங்கள் எவ்வளவு சரியோ அவ்வளவே முடிவும் சரியாக இருக்கும். பிணைப்பின் விறைப்பே எல்லாவற்றையும் தீர்மானிக்கும் இச்சிக்கலில் அது சிறிய குறையன்று. ஆகவே மூலக்கூறு இயக்கவியல் ஆய்வுகளில் வரும் விழுக்காடுகளை அப்படியே அளவீடாகக் கொள்ளாமல், விளைவின் திசையைக் காட்டுபவையாகக் கொள்வதே பொருத்தம்.

அணு வெற்றிடங்கள்

வேற்றணுவை விடப் பெரும் தீங்கு செய்வது, அணுவே இல்லாத இடம். 2016இல் வெளியான சோதனை ஒன்றில், தொங்கவிடப்பட்ட கிராபீன் மீது எலக்ட்ரான் கற்றையைச் செலுத்திப் படிப்படியாகக் குறைகள் உண்டாக்கப்பட்டன. ஒரு சதுர சென்டிமீட்டருக்குக் குறைகளின் எண்ணிக்கை 2×10¹⁰ என்பதிலிருந்து 1.8×10¹¹ ஆக உயர்ந்தபோது, வெப்பக் கடத்துதிறன் சுமார் 1800லிருந்து சுமார் 400ஆக இறங்கியது. கிராபீனின் ஒரு சதுர சென்டிமீட்டரில் 3.8×10¹⁵ கார்பன் அணுக்கள் உள்ளன. அப்படியானால் ஏறத்தாழ இருபதாயிரம் அணுக்களுக்கு ஒரு குறை இருந்தாலே முக்கால் பங்குக்கும் மேல் வெப்பக் கடத்தல் போய்விடுகிறது. 1 விழுக்காட்டு மாசூட்டல் என்பது நூறு அணுக்களுக்கு ஒன்று. இது அதைப் போல இருநூறில் ஒரு பங்கு.

இந்த ஒப்பீடு நைட்ரஜன் மாசூட்டலில் நேரடியாகப் பொருந்துகிறது. நைட்ரஜன் கிராபீனில் ஒரே விதமாக அமர்வதில்லை. மூன்று கார்பன்களோடு பிணைந்து, கார்பன் இருந்த இடத்தைச் சரியாக நிரப்புவது கிராஃபைட்டு வகை. இவ்வகை நைட்ரஜன் தன் கூடுதல் எலக்ட்ரானில் ஏறத்தாழ பாதியை அணிக்கோவைக்குத் தருவதாக 2011இல் கண்டறியப்பட்டது. பிரிடின் வகையில் நைட்ரஜன் இரண்டே கார்பன்களோடு பிணைந்து, ஒரு வெற்றிடத்தின் ஓரத்தில் நிற்கிறது. பிர்ரோல் வகையில் ஐந்தணு வளையம் உருவாகி அணிக்கோவை குலைகிறது. மீத்தேனுடன் அம்மோனியாவைச் செலுத்திச் செம்பின் மேல் கிராபீனை வளர்க்கும் வழக்கமான முறையில் இம்மூன்றும் கலந்தே வரக்கூடும். எது எவ்வளவு என்பது வெப்பநிலையையும் வாயுக்களின் விகிதத்தையும் பொறுத்தது. ஆகவே "இத்தனை விழுக்காடு நைட்ரஜன்" என்ற ஒற்றை எண் வெப்பக் கடத்தலைப் பற்றி அதிகம் சொல்வதில்லை. நைட்ரஜனின் அளவு ஒன்றாகவே இருக்கும் இரு தாள்களில், வெற்றிடங்களோடு வந்த தாள் பன்மடங்கு மோசமாக இருக்கலாம்.

மேற்பரப்பில் சேர்ப்பவை

மூலக்கூறுகள் பிணைப்பின்றி மேலே ஒட்டிக்கொள்ளும்போது கார்பன் வலை சிதையாமல் இருக்கிறது. தளத்திற்குள் செல்லும் ஃபோனான்களுக்கு இதனால் பெரிய கேடில்லை. ஆனால் தாளின் ஒரு பக்கம் மட்டும் பாரம் ஏறுவதால் ஆடிச் சமச்சீர் குலைந்து, வளைவு அதிர்வுகள் தணிகின்றன. ஏற்கெனவே அடித்தளத்தின் மேல் கிடக்கும் கிராபீனில் அந்த இழப்பு முன்பே நிகழ்ந்துவிட்டதால், மேலும் ஒட்டுபவற்றின் விளைவு குறைவாகத் தெரியும்.

ஹைட்ரஜன், ஃபுளூரின், ஆக்சிஜன் ஆகியவை சகப்பிணைப்பால் இணைந்தால் நிலைமை வேறு. இணைந்த கார்பன் அணு தளத்திலிருந்து எழும்புகிறது. அதன் பிணைப்பு வைரத்தில் உள்ளது போல நான்முக வடிவம் பெறுகிறது. வெப்பக் கடத்தல் கடுமையாக வீழ்கிறது. ஆக்சிஜன் தொகுதிகள் நிறைந்த கிராபீன் ஆக்சைடு, மாசற்ற கிராபீனோடு ஒப்பிடவே இயலாத அளவுக்கு மோசமான வெப்பக் கடத்தி.

வாயில் மின்னழுத்தத்தால் ஊர்திகளின் எண்ணிக்கையை மாற்றும் சோதனைகளில் எதிர்பாராத ஒன்றும் கண்டறியப்பட்டது. 2016இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பிலிப் கிம் குழுவினர், மிகத் தூய்மையான கிராபீனில் எலக்ட்ரான்களும் துளைகளும் சமமாக இருக்கும் நடுநிலைப் புள்ளிக்கு அருகில், எலக்ட்ரான்கள் சுமக்கும் வெப்பம் வீட்மன்-ஃபிரான்ஸ் விதி சொல்வதை விடப் பத்து மடங்குக்கும் அதிகமாக இருப்பதைக் கண்டனர். அங்கே எலக்ட்ரான்களும் துளைகளும் தனித்தனித் துகள்களாக இல்லாமல் பாய்மம் போல நகர்கின்றன. சிறிதளவு ஊர்திகளைக் கூட்டியதும் இவ்விளைவு மறைந்தது. இது குறைந்த வெப்பநிலைகளில் நிகழ்வது. அறை வெப்பநிலையில் ஃபோனான்களின் ஆதிக்கத்தை இது மாற்றுவதில்லை.

அளப்பதில் உள்ள சிக்கல்

பலாந்தின் குழு கையாண்ட முறை, சி. வி. இராமன் 1928இல் கண்டறிந்த ஒளிச்சிதறல் விளைவை அடிப்படையாகக் கொண்டது. கிராபீனின் இராமன் நிறமாலையில் ஒரு சென்டிமீட்டருக்கு 1580 அலை என்ற இடத்தில் ஒரு முகடு உண்டு. தாள் சூடேறினால் அம்முகடு குறைந்த எண்ணை நோக்கி நகரும். லேசர் கற்றையால் தாளின் நடுவைச் சூடாக்கி, முகடு எவ்வளவு நகர்கிறது என்று பார்த்தால் வெப்பநிலை தெரியும். அதிலிருந்து வெப்பக் கடத்துதிறனைக் கணக்கிடலாம். லேசரையே சூடேற்றும் அடுப்பாகவும் வெப்பமானியாகவும் பயன்படுத்தும் நுட்பம் இது.

மாசூட்டிய கிராபீனில் இம்முறை சறுக்கக்கூடும். ஊர்திகள் கூடினாலும் அதே முகடு இடம் மாறுகிறது, அதுவும் எதிர்த்திசையில். ஆகவே முகடு எவ்வளவு வெப்பநிலைக்கு எவ்வளவு நகர்கிறது என்பதை ஒவ்வொரு மாதிரிக்கும் தனியாக அளவுதிருத்தம் செய்ய வேண்டும். தாள் உறிஞ்சும் ஒளியின் அளவும் முக்கியம். மாசற்ற கிராபீன் விழும் ஒளியில் சுமார் 2.3 விழுக்காட்டை உறிஞ்சும். மேற்பரப்பில் வேறு பொருள் படிந்திருந்தால் இந்த எண் மாறும், மாறினால் வெப்பக் கடத்துதிறனும் அதே விகிதத்தில் தவறாகும். போதாக்குறைக்கு, தாளை இடம் மாற்றும்போது ஒட்டிக்கொள்ளும் பாலிமர் எச்சம், சுருக்கங்கள், படிகத் துண்டுகளின் எல்லைகள் ஆகியவையும் ஃபோனான்களைச் சிதறடிக்கின்றன. மாசூட்டிய தாளை அதே உலையில், அதே முறையில் வளர்த்த மாசற்ற தாளோடுதான் ஒப்பிட வேண்டும். 5000 என்ற பழைய எண்ணோடு ஒப்பிட்டு வீழ்ச்சியைக் கணக்கிடும் கட்டுரைகள், மாசணுவின் மேல் அது செய்யாத குற்றத்தையும் சுமத்திவிடுகின்றன.

பயன்பாடுகளில் இதன் விளைவு

சில்லுகளின் வெப்பத்தைப் பரப்பும் தாளாகக் கிராபீனைப் பயன்படுத்தினால் பதிலீட்டு மாசூட்டலால் பயனில்லை. மின் இணைப்புக் கம்பியாகப் பயன்படுத்தினால் மின்தடையைக் குறைக்க மாசூட்டல் தேவை. அதே கம்பி தன் வெப்பத்தை வெளியேற்றவும் வேண்டும். இங்கே கார்பன் வலையைச் சிதைக்காத வழியே, அதாவது தாள்களுக்கு இடையே சேர்மத்தைப் புகுத்தும் வழியே கூடுதலாக ஆராயப்படுகிறது.

வெப்பத்தை மின்சாரமாக மாற்றும் வெப்பமின் பொருள்களில் கணக்கு தலைகீழ். அவற்றின் திறன் எண்ணில் மின்கடத்துதிறன் தொகுதியிலும் வெப்பக் கடத்துதிறன் பகுதியிலும் வருகின்றன. மின்கடத்தல் குறையாமல் வெப்பக் கடத்தல் குறைந்தால் ஆதாயம். மாசற்ற கிராபீனின் வெப்பக் கடத்துதிறன் ஆயிரக்கணக்கில் இருப்பதால் அதன் திறன் எண் மிகச் சிறியது; மாசணுக்களும் வெற்றிடங்களும் அந்தப் பகுதி எண்ணைக் குறைக்கின்றன. ஆயினும் கிராபீனுக்கு ஆற்றல் பட்டை இடைவெளி இல்லாததால் அதன் வெப்பமின் அழுத்தமும் சிறியதே. வெப்பக் கடத்தலைக் குறைப்பதால் மட்டும் இக்குறை நீங்காது.

பாலிமரில் கிராபீன் துகள்களைக் கலந்து வெப்பம் கடத்தும் பசைகள் செய்யும் இடத்தில் இன்னொரு முரண் எழுகிறது. அங்கே தாளுக்குள் உள்ள கடத்தலை விட, தாளிலிருந்து பாலிமருக்கு வெப்பம் தாவும் எல்லையே பெரிய தடை. தாளின் மேற்பரப்பில் வேதித் தொகுதிகளை இணைத்தால் அவை பாலிமரைப் பற்றிக்கொண்டு அந்தத் தடையைக் குறைக்கும். அதே தொகுதிகள் தாளுக்குள் செல்லும் ஃபோனான்களைச் சிதறடிக்கும். துகள்கள் சிறியவையாக இருந்தால் எல்லைத் தடையே மேலோங்குவதால் தொகுதிகளைச் சேர்ப்பது பலன் தரும். துகள்கள் பெரியவையாக இருந்தால், சேர்க்காமல் விடுவதே நல்லது.